மோட்டார் நின்ற பிறகு வரும் முனகல்

மோட்டார் நின்ற பிறகுதான் அந்த முனகல் வரும். அதுதான் வேலாயிக்குப் புரியவில்லை. ஓடுகிற இயந்திரம் சத்தம் போடலாம். நின்ற இயந்திரம் ஏன் முனக வேண்டும்?

மலையூரான பிரிஞ்சாங்குக்கு மேலேயுள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்துக்குத் தண்ணீர் தந்தது ஓர் ஆழ்குழாய்க் கிணறு. அதன் மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்த அவள் கணவன் சிங்காரம், எண்பத்தொன்றாம் ஆண்டு மழைக்காலத்தில் இளைப்பு நோயால் இறந்துபோனான். காரியம் முடிந்த வாரமே, மூடுபனி இறங்கும் பிற்பகலில் கிணற்றுக்குள்ளிருந்து அதே இளைப்பு கேட்டது. தண்ணீரும் சிவந்து வந்தது.

கங்காணி முனியாண்டி கோழி அறுத்துப் பார்த்தார். அடங்கவில்லை.

"வேலாயி, ஒன்னயத்தான் கூப்புடுறான் லா. நீ இருக்கிறவரைக்கும் போகமாட்டான். வெள்ளிக்கெழமைக்குள்ள லயத்தக் காலி பண்ணிட்டு கோலா தெர்லாவுல ஏதாச்சும் காய்கறித் தோட்டத்துல வேல பாத்துக்க."

வீடும் போகும், வேலையும் போகும். ஆனாலும் அவளால் எதிர்த்துப் பேச முடியவில்லை. அவள் காதுக்கும் அது சிங்காரமாகத்தான் கேட்டது. ஒருநாள் கிணற்று மூடியில் காதை வைத்து, "என்னங்க வேணும்?" என்றாள். இரும்பு நீளமாக மூச்சுவிட்டது.

திரெங்கானு கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் வேலையிலிருந்த அவள் தம்பி பக்கிரிசாமி விடுப்பில் வந்தான்.

"ஏங்க்கா, மோட்டார் ஓடுறப்ப மாமா பேசமாட்டாரா?"

"உசுரோட இருந்தப்பவும் பேசமாட்டாருடா. கவனம் செதறும்பாரு."

அவன் சிரித்துவிட்டு விளக்கினான். மண் சரியாமலிருக்க வெளியே ஓர் உறைக்குழாய். அதற்குள் தண்ணீர் இழுக்கும் உள்குழாய். கிணறு கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் உள்குழாய் ஒரே பக்கம் அதிர்ந்து உரசி உறையைத் தேய்க்கும். எண்ணெய்க் கிணற்றிலும் இதே தொல்லைதான். அங்கே விரல் போன்ற கம்பிகள் வைத்த கருவியை இறக்கி, உட்சுவரைத் தடவி அளப்பார்கள்.

பழைய குடைக் கம்பிகள் நான்கை வளைத்து அவனும் ஒன்று செய்தான். சுவர் எங்கே தேய்ந்திருக்கிறதோ அங்கே கம்பி கூடுதலாக விரியும். அதிலுள்ள தகர வளையம் நகர்ந்து அங்கேயே நின்றுவிடும்.

"பேய்க்குச் சட்ட தைக்க அளவெடுக்குறியா, தம்பி?" என்றார் முனியாண்டி.

உள்குழாயை உருவி, கருவியை இறக்கி, பனிக்குள் நின்று மெல்ல இழுத்தார்கள். மேலே வந்தபோது மூன்று கம்பிகளின் வளையம் அசைந்திருக்கவில்லை. நான்காவது கம்பியின் வளையம் கடைசிவரை போயிருந்தது; நுனியில் செம்மண். கங்காணி அதைத் தொட்டுப் பார்த்தார்.

"ஓட்டை விழுந்துருக்கு. பின்னாடி மண்ணு அரிச்சுப் பொந்தாயிருச்சு," என்றான் பக்கிரிசாமி. "மோட்டார் ஓடுனா தண்ணி எறங்கும், பொந்து காத்த இழுத்துக்கும். நின்னா தண்ணி ஏறும், காத்து ஓட்ட வழியாப் பிதுங்கும். அந்தச் சத்தந்தான்."

முனியாண்டி விரலில் ஒட்டிய மண்ணைத் துடைத்தார். பிறகு வேலாயியை நேராகப் பார்த்தார்.

"தேஞ்சது இரும்பு. நான் தாலியறுத்தவ மேல பழியப் போட்டேன். அளந்து பாக்காம ஒருத்தரக் குத்தஞ்சொல்றது பாவம் தாயீ. நீ எங்கயும் போகவேணாம்."

"சரிங்க கங்காணி. இப்ப என்ன செய்யணும், தம்பி?"

"தேஞ்ச எடத்துல ஒரு சின்ன உறைய எறக்கி, சுத்திச் சிமெண்டு ஊத்தணும். உள்குழாய் ஒரசாம ரப்பர் வளையம் மாட்டணும். வருசத்துக்கு ஒருக்கா அளக்கணும்."