நகப்பூச்சுக் கோடு

ட்ரெவர் சோதனை மீட்டரைக் கையால் தொட்டு ஆறு வருஷம் ஆகிறது. இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் இது இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி அவன் பெண்டாட்டி ஜனைன். இன்னொருத்தி ஜனைனின் தங்கை லியான். வேன் ட்ரெவருடையது, வேனில் ஒட்டியிருந்த மின்வேலைச் சான்றுத் திட்டத்தின் முத்திரையும் அவனுடையது. வேலை மட்டும் லியானுடையது. அவள் வீடு வீடாகப் போய் ஃபியூஸ் போர்டு மாற்றுவாள், ஒவ்வொரு லைனையும் சோதிப்பாள், அளவுகளைத் தாளில் குறித்துக் கொடுப்பாள். அவன் அதைச் சான்றிதழில் ஏற்றி, 'சோதித்தவர்' என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போடுவான். போட்டுவிட்டு மதுக்கடையில் உட்கார்ந்து, இந்தக் காலத்து எலெக்ட்ரீஷியன்கள் யாருக்கும் தொழில் தெரியவில்லை என்று அங்கலாய்ப்பான்.

முத்திரை இல்லாமல் இந்த ஊரில் போர்டு மாற்ற முடியாது என்றில்லை. மாற்றலாம். ஒவ்வொரு வேலைக்கும் நகரக் கவுன்சிலுக்கு எழுதிப்போட்டு, அவர்கள் ஆள் அனுப்பும்வரை கொட்டாவி விட்டுக்கொண்டு கிடக்க வேண்டும். எந்த வீட்டுக்காரருக்கும் அந்தப் பொறுமை கிடையாது. ஏதாவது ஒரு திட்டத்தில் பதிவு வாங்கியவர்தான் தன் வேலைக்குத் தானே சான்று எழுத முடியும். நாற்பத்து மூன்று வயதில் லியானுக்கு அந்த ஆசை வந்தது. தன் வேலையின் கீழே தன் பெயர் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு திட்டங்களின் விண்ணப்பங்களையும் விரித்து வைத்தாள். ஒன்று புதிது, சின்னது. இன்னொன்று ட்ரெவர் இருக்கும் பழைய பெரிய திட்டம்.

"எனக்குச் சின்னதுதான் பிடிச்சிருக்கு," என்றாள் லியான். "அவங்களே நம்ம வேலையில ரெண்டைப் பொறுக்கி எடுத்துப் போய்ப் பாப்பாங்க. எதை வேணா பாக்கட்டுமே."

ட்ரெவர் வறுத்த மாட்டிறைச்சியை மென்றுகொண்டே சிரித்தான். "எதைப் பாப்பாங்க மகாராணி? எல்லாம் என் பேர்ல இல்ல இருக்கு! உன் பேர்ல ஒரு பல்பு கூடக் கிடையாதே."

லியானுக்குச் சுருக்கென்றது. அவன் சொன்னது உண்மை. ஆறு வருஷ உழைப்பில் காட்டுவதற்கு ஒரு வீடு இல்லை.

"பெரிய திட்டத்துக்குப் போடு," என்றான் அவன், குரலைத் தாழ்த்தி. "அங்க ஒரே ஒரு வேலை காட்டினாப் போதும். நம்ம வீட்டு போர்டையே மாத்து. கவுன்சிலுக்கு நான் எழுதிப்போடுறேன். சொந்தக்காரன் எதுக்கு இருக்கேன்?"

ஜனைன் கிரேவிக் கிண்ணத்தைத் தங்கை பக்கம் நகர்த்தினாள். "செய்யட்டும்னு சொல்றாருல்ல, செய்யேன்டி."

லியான் தனியாகப் போய்விட்டால் ட்ரெவரின் வேலைக்குப் போவது யார் என்ற கேள்வி அந்த மேசையில் எழவே இல்லை. எழாததே ஒரு எச்சரிக்கை. லியான் அதைக் கவனிக்கவில்லை, பாவம். ஆசைப்படுகிறவர்களுக்குக் கண் கொஞ்சம் மங்கித்தான் போகும்.

விண்ணப்பம் போட்டு, திட்டத்தின் மதிப்பீட்டாளர் வரும் நாளும் குறித்தாயிற்று; அதற்கு முந்திய சனிக்கிழமை முழுக்க அக்கா வீட்டில் வேலை செய்தாள். அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு திருகை இறுக்கியதும் அதன் தலையிலிருந்து பக்கத்துத் தகடுவரை ஒரு மெல்லிய கோடு போடுவாள். திருகு ஒரு இம்மி அசைந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். அன்றைக்குக் கோடு போடும் பேனா காய்ந்துபோயிருந்தது. ஜனைனின் சிவப்பு நகப்பூச்சை வாங்கிப் போட்டாள். கடைசியாக, சமையலறைத் தொட்டிக்குக் கீழே தண்ணீர்க் குழாயில் எர்த் கம்பியைப் பிடித்திருக்கும் கிளாம்பையும் இறுக்கி, கோடு போட்டு, அளவெடுத்தாள். 0.03 ஓம். அதைச் சான்றிதழில் எழுதி, முதல் முறையாக 'சோதித்தவர்' என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள்.

திங்கட்கிழமை காலை, மதிப்பீட்டாளர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்துவிட்டாள். எல்லாவற்றையும் இன்னொரு தடவை அளந்து பார்க்கத்தான். ஜனைன் விடவில்லை.

"முதல்ல உக்காரு. வெறும் வயித்தோடவா அந்த ஆள் முன்னாடி நிப்ப?" என்று பன்றிக்கறி வைத்த ரொட்டியை நீட்டினாள். டீ ஊற்றினாள். ஊற்றிய டீ ஆறியதும் இன்னொன்று ஊற்றினாள். அக்கா இவ்வளவு கொஞ்சி எத்தனை வருஷம் ஆயிற்று என்று லியான் எண்ணிப் பார்த்தாள். அதற்குள் வாசல் மணி அடித்துவிட்டது.

பிளெங்கின் என்ற அந்த மதிப்பீட்டாளர் சிரித்தே அறியாத மனிதர். காலணியைக் கழற்றி வாசலில் வரிசையாக வைத்தார். போர்டைத் திறந்தார், அரை மணி நேரம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, "சுத்தமா இருக்கு," என்றார். லியானுக்குத் தரையில் கால் பாவவில்லை. ட்ரெவர் கதவோரம் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

பிளெங்கின் தொட்டிக்குக் கீழே மண்டியிட்டு மீட்டரை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"சான்றிதழ்ல என்ன எழுதியிருக்கீங்க?"

"பூஜ்யம் புள்ளி பூஜ்யம் மூணு."

"இங்க இணைப்பே காட்டல. அளக்காம எழுதுறவங்கள நான் வாரத்துக்கு ஒருத்தராவது பாக்குறேன்."

லியானுக்கு முகம் வெளுத்தது. வாழ்நாளில் ஒரு அளவைக்கூட அவள் கற்பனையாக எழுதியதில்லை. அவள் குனிந்து பார்த்தாள். கிளாம்ப் தொளதொளவென்று தொங்கியது. திருகின் மேல் பாதிக் கோடு, தகட்டின் மேல் பாதிக் கோடு, இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவில்லை. தலையைத் தூக்கினாள். தொட்டிக்குக் கீழே இருக்க வேண்டிய பிளீச் புட்டியும் சோப்புத்தூள் டப்பாவும் மேடை மேல் இருந்தன. காலையிலிருந்து அங்கேயேதான் இருந்தன. ஜனைன் வீட்டில் ஒரு டப்பா இடம் மாறினால் ஜனைனுக்குத் தெரியாமல் மாறாது.

பிளெங்கினும் அந்தக் கோட்டைப் பார்த்தார். "இத யாராவது தொட்டீங்களா?" என்று கேட்டார்.

"எனக்கென்ன சார் வேலை?" என்றான் ட்ரெவர்.

"நீங்க பாத்தீங்களாம்மா?"

ஜனைன் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் ஒண்ணும் பாக்கலையே," என்றாள்.

காலையில் அக்கா ஊற்றிய ஒவ்வொரு டீயும் எதற்கென்று லியானுக்கு இப்போது புரிந்தது.

"நீங்க இறுக்கியிருக்கீங்கன்னு கோடு சொல்லுது," என்றார் பிளெங்கின் அவளிடம். "ஆனா என் படிவத்துல கோட்டுக்கு இடம் இல்ல. இன்னைக்கு நான் பாத்தது தொங்குற கிளாம்ப். ஆறு மாசம் கழிச்சு மறுபடி விண்ணப்பம் போடுங்க."

ட்ரெவர் உச்சுக்கொட்டினான். "விடும்மா. இதெல்லாம் எல்லாருக்கும் வராது. நாளைக்கு ஏழரைக்கு வேன் எடுத்துட்டு வரேன், ரெடியா இரு." சொல்லும்போது அவன் வாய் கோணிச் சிரித்ததை அவள் பார்த்தாள்.

பிளெங்கினும் பார்த்திருக்க வேண்டும். பையை மூடப் போனவர் நிறுத்தினார். "நீங்களும் நம்ம திட்டத்துலதான இருக்கீங்க? வருஷாந்தரச் சோதனை உங்களுக்கு அடுத்த மாசம். வழக்கமா முடிச்ச வேலையையும் தாளையும்தான் பாப்போம். இப்பவே முடிச்சா எனக்கு ஒரு அலைச்சல் மிச்சம். அந்தக் கிளாம்ப இறுக்கிட்டு ஒரே ஒரு அளவு எடுத்துக் காட்டுங்க."

"இப்பவா? என் மீட்டர் வேன்ல..."

"அவங்க மீட்டர் இங்கயே இருக்கு."

மாட்டேன் என்று சொல்ல அவன் பெருமை விடவில்லை. கிளாம்பை இறுக்கினான். மீட்டரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், எருமை மாட்டிடம் குடையைக் கொடுத்தது போல. குமிழை ஒரு பக்கம் திருகினான், மறுபக்கம் திருகினான். மெயின் ஸ்விட்சை அணைக்க வேண்டும் என்ற நினைப்பே இல்லாமல் முனையைப் போர்டுக்குள் நீட்டினான்.

"நிறுத்துங்க!" என்று பிளெங்கின் கத்தினார். "செத்துப்போறதுன்னா நான் போனப்புறம் சாவுங்க."

ட்ரெவரின் கழுத்து சிவந்தது. "லியான், இது உன் மீட்டர்ல... எதுல வைக்கணும்? சொல்லேன்."

அவள் கிளாம்பின் மேல் உடைந்து கிடந்த கோட்டைப் பார்த்தாள்.

"சொல்லேன்டி!" என்றாள் ஜனைன். இப்போதுதான் தங்கையின் முகத்தைப் பார்த்தாள்.

பிளெங்கின் லியான் பக்கம் திரும்பினார். "இவர் அனுப்பின சான்றிதழ் எல்லாத்துலயும் சோதிச்சவர்னு இவர் பேர்தான் இருக்கு. இவர் சோதிச்சு நீங்க பாத்திருக்கீங்களா?"

ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைக்கு ஏழரை மணிக்கு வேன் வரும், வேலை இருக்கும், அக்கா வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு இருக்கும். அவளுடைய பிழைப்பும் அந்த முத்திரையின் கீழேதான் ஓடியது. ஜனைன் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தலையை மெல்ல ஆட்டி ஆட்டிக் கெஞ்சினாள்.

"நான் ஒண்ணும் பாக்கலையே," என்றாள் லியான். "ஒரு நாள் கூட."

பிளெங்கின் இரண்டாவது படிவத்தை எடுத்தார். ட்ரெவரின் பதிவை நிறுத்திவைப்பதாக அதில் எழுதி முடித்து, காலணியை மாட்டிக்கொண்டு போனார். கதவு மூடியதும் ஜனைன்தான் வெடித்தாள்.

"எங்க சோத்துல மண்ணப் போட்டுட்டியே பாவி! உனக்கு மட்டும் இனிமே எவன் வேலை குடுப்பான்?"

"எவனும் குடுக்கமாட்டான்," என்றாள் லியான்.

ட்ரெவர் இறுக்கிய கிளாம்பை ஆட்டிப் பார்த்தாள். ஆடியது. மண்டியிட்டுச் சரியாக இறுக்கினாள், மெயினை அணைத்து அளந்தாள். 0.03. மேடையிலிருந்த நகப்பூச்சை எடுத்துப் புதுக் கோடு போட்டாள். பிளீச்சையும் சோப்புத்தூளையும் தொட்டிக்குக் கீழே அவற்றின் இடத்தில் வைத்தாள். நகப்பூச்சுப் புட்டியை அக்காவின் கையில் திணித்துவிட்டு, மீட்டரை எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.