நெஸ்வான், இன்றைய எண்ணிக்கை பூஜ்யம்

பீன்ஸ் சூப்புக்கு வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தபோதுதான் தன் குடும்பம் பூண்டோடு அற்றுப்போன செய்தி ஒத்திலியாவின் காதில் விழுந்தது. படித்துச் சொன்னவள் ஜெல்மீரா. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருஷமாக அவளோடு நின்று உருளைக்கிழங்கு உரிப்பவள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊர்த் திருவிழா. லிப்னிக்கா என்ற ஊர்ப்பெயர் முதன்முதலாக ஓர் ஏட்டில் எழுதப்பட்டு அறுநூறு வருஷம் ஆகிறதாம். அதற்காக ஊராட்சி தடியாக ஒரு புத்தகம் போட்டு வீட்டுக்கொன்று இலவசமாகக் கொடுத்திருந்தது. மலை, ஆறு, தேவாலய மணி என்று முன்னூறு பக்கம். அதையெல்லாம் யார் படித்தார்கள்? கையில் கிடைத்த எல்லோரும் முதலில் புரட்டியது இருநூற்றுப் பதினாலாம் பக்கத்தைத்தான். ஊர்க் குடும்பப் பெயர்களின் பட்டியல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

"இந்தா, உன் பேரு வந்துருச்சு. கேளுடி," என்று ஜெல்மீரா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ராகம் போட்டுப் படித்தாள். "நெஸ்வான். நாட்டிலேயே லிப்னிக்காவில் மட்டும் வழங்கிவந்த மிக அரிய பெயர். துருக்கியரோடு நடந்த போரில், யாரும் அழைக்காமலே உதவிக்கு வந்த ஒரு குதிரைவீரனின் வழித்தோன்றல்கள் எனக் கருதலாம். 1869இல் நான்கு பேர். 1930இல் ஏழு பேர். இன்றைய எண்ணிக்கை..." அந்த இடத்தில் ராகம் நின்றுபோயிற்று. "பூஜ்யம். கடைசி நெஸ்வானான வெந்தெலீனோடு இப்பெயர் மறைந்தது."

"இன்னொரு தடவை படி," என்றாள் ஒத்திலியா.

ஜெல்மீரா படிக்கவில்லை. ஒத்திலியாவே புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். அச்சடித்த எழுத்து அப்படியேதான் இருந்தது. வெந்தெலீன் அவளுடைய அப்பா. இரண்டு வருஷத்துக்கு முன் வசந்தத்தில், ஆப்பிள் மரத்துக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அவரோடு பெயர் மறைந்ததாம். அப்படியானால் ஐம்பத்துமூன்று வயசில், எண்பது கிலோ எடையில், கையில் கரண்டியோடு இந்த அடுப்பங்கரையில் நிற்பது யார்? பேயா? அவள் மகள் ஸ்லாவ்கா யார்? நாலு மாசத்துக் கைக்குழந்தை எலியாஷ் யார்? போன வருஷம் ஸ்லாவ்கா கணினியில் தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். நாட்டில் இருக்கும் ஐம்பத்துநாலு லட்சம் பேரில் நெஸ்வான்கள் இரண்டே பேர், அம்மாவும் மகளும். "மூணாக்கிக் காட்டுறேம்மா," என்றாள். சொன்னபடியே செய்தாள். பிள்ளைக்குத் தகப்பன் பெயரை வைக்காமல் தன் பெயரை வைத்தாள், தாத்தா பெயர் போய்விடக்கூடாது என்று. அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் இன்றைக்குப் பதினொன்றேகால் பஸ்ஸில் வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை மேடையில் ஊரின் பழைய குடும்பங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், கூப்பிட்டதும் அந்தக் குடும்பம் மேலே ஏற வேண்டும். பேரனோடு ஏற வேண்டும் என்று ஒத்திலியா நீலப் பட்டுச்சட்டையைக்கூட இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருந்தாள்.

அதிலும் குதிரைவீரனாம்! பெயரின் கதை ஊருக்கே தெரியும். பஞ்ச காலத்தில் மலைக்கு அந்தப்பக்கமிருந்து ஒரு பெண் பிழைப்புத் தேடி வந்து மாவு மில்லில் வேலைக்குச் சேர்ந்தாள். மில்லின் பரண்மேல் பிள்ளை பெற்றாள். தகப்பன் யாரென்று பாதிரியார் கேட்க அவள் வாய் திறக்கவில்லை. பாதிரியார் பதிவேட்டில் தகப்பன் பெயருக்கு ஒரு கோடு இழுத்துவிட்டு, பிள்ளைக்கு நெஸ்வான் என்று எழுதினார். அழையா விருந்தாளி என்று அர்த்தம். பால் மணம் மாறாத பிள்ளைக்கு வைக்கிற பெயரா அது? அதையே அப்பா ஒவ்வொரு கல்லறைத் திருநாளன்றும் வேலியோரத்தில் அந்தப் பெண்ணின் சமாதியில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் பெருமையாகச் சொல்வார்: "மத்தவன் வம்சமெல்லாம் ஆம்பளையில ஆரம்பிக்குது. நம்மளது ஒரு பொம்பளையில ஆரம்பிக்குது." இருபத்திரண்டு வயசில் ஒத்திலியா வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றபோது அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொட்டகைக்குப் போய்ப் பழைய தொட்டிலை இறக்கித் துடைத்துப் பச்சை வர்ணம் அடித்தார்.

வெங்காயம் கருகும் நாற்றம் வந்தது. அவள் அண்டாவை இறக்கி, கருகியதை அப்படியே வாளியில் கொட்டினாள். எவ்வளவு ஆத்திரத்திலும் கருகிய வெங்காயத்தில் சூப் வைக்க அவளுக்கு மனசு வராது. மறுபடி ஆறு வெங்காயத்தை எடுத்துப் பலகையில் போட்டு நறுக்க ஆரம்பித்தாள்.

"ஆம்பளைங்களை மட்டும் எண்ணிருப்பாரோ என்னவோ," என்று ஜெல்மீரா மெல்ல இழுத்தாள். "புத்தகம் எழுதின வாத்தியாருக்கும் வயசாச்சு."

"ஹ்ரொன்செக் வீட்டைப் பாரு."

ஜெல்மீரா பக்கம் புரட்டினாள். ஹ்ரொன்செக் வீட்டில் ஒரு விதவையும் அவள் நாலு பெண்களும். ஆண் வாடை கிடையாது. இன்றைய எண்ணிக்கை ஐந்து என்று சரியாகப் போட்டிருந்தது.

"அப்ப என்னை மட்டும் ஏன் விட்டாரு?"

"அவரு வேற எப்படி எழுதுவாரு, நீயே சொல்லு. உன்னை எழுதினா ஸ்லாவ்காவையும் எழுதணும். ஸ்லாவ்காவை எழுதினா..." ஜெல்மீரா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கத்தி பலகைமேல் நின்றது. "எழுதினா?"

"முப்பத்தோரு வருஷம் ஆச்சு ஒத்திலியா. இது சின்ன ஊருடி."

புத்தகத்தை எழுதியவர் அல்ஃபொன்ஸ் வாத்தியார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். போன குளிர்காலம் முழுக்கப் பச்சை நோட்டும் கையுமாக வீடு வீடாகப் போய்த் தலை எண்ணியவர். ஒத்திலியா வீட்டுப் படியை மட்டும் அவர் மிதிக்கவில்லை. கூச்சப்படுகிறார் என்று நினைத்து அவள் பரிதாபம்கூடப் பட்டாள். முப்பத்தோரு வருஷத்துக்கு முன் அவருக்கு முப்பத்தெட்டு வயது, கல்யாணமானவர். அவள் இதே சமையலறையில் தட்டுக் கழுவச் சேர்ந்த புதுசு. ஸ்லாவ்கா அவருடைய மகள். அது தனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்று அவள் இன்று காலை பத்து மணிவரை நம்பியிருந்தாள்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"யாருக்குத்தான் தெரியாது? பிள்ளை மூணு வயசுல வாத்தியார் மாதிரியே காலை வெளிப்பக்கம் சாய்ச்சு நடந்ததைப் பார்த்தே தெரிஞ்சு போச்சு. எல்லாரும் வாயை மூடிக்கிட்டோம். பாவம், அந்த மனுஷனுக்கும் குடும்பம்னு ஒண்ணு இருந்துச்சே."

"அந்த மனுஷனுக்கு!"

"உனக்கும்தான்டி..."

"எனக்கு என்னடி செஞ்சீங்க? ஒருத்தியாவது வந்து என்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா நீ சொல்லியிருப்பியா?"

"சொல்லியிருக்க மாட்டேன். ஆனா கேட்டிருக்கணும்ல! பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா, பனி கொட்டினா, வந்து கேட்டிருக்கணும்ல!"

ஒத்திலியா வெங்காயத்தை வெட்டிய வெட்டில் பலகை நகர்ந்தது. கடைக்குள் நுழையும்போதெல்லாம் பேச்சு சட்டென்று நின்றுபோகும், அதைப் பொறாமை என்று நினைத்திருந்தாள். அது மரியாதையாம், அவருக்குக் கொடுத்த மரியாதை. ஊரே சேர்ந்து அவருக்குக் குடை பிடித்திருக்கிறது, மழையில் நின்றது இவள் ஒருத்தி. ஸ்லாவ்கா பத்து வயசில் ஒரு தடவை, பதினாறு வயசில் ஒரு தடவை "எங்கப்பா யாரும்மா" என்று கேட்டாள். இரண்டு தடவையும் இவள் பல்லைக் கடித்துக்கொண்டு வேறு பேச்சு பேசினாள். வாத்தியாரின் மனைவி உயிரோடிருந்தவரை அந்தப் புண்ணியவதியின் முகத்துக்காகப் பொறுத்தாள். அந்த அம்மாள் போய் ஆறு வருஷமாகிறது. அதன்பிறகு தினமும் பதினொரு மணிக்கு அவர் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு, ஓய்வூதியக்காரர்களுக்குச் சாப்பாடு கொடுக்கும் இந்தச் சமையலறை ஜன்னலுக்கு வருகிறார், இவள் சூப் ஊற்றுகிறாள். அடியில் கிடக்கும் கறித்துண்டைத் தேடி அவருக்குப் போட்ட நாட்களும் உண்டு. அதை நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

பதினொரு மணிக்கு ஜன்னல் பலகையைத் தூக்கினாள். முற்றத்தில் ஓய்வூதியக்காரர்கள் வழக்கம்போல் வரிசையில் நின்றார்கள். ஆளுக்கொரு கேரியர். மாறிப்போகாமலிருக்க மூடியில் நகப்பூச்சால் பெயர் எழுதியிருந்தது. முதலில் காட்டிலாகாவில் இருந்த கெய்ஸா.

"வியாழக்கிழமைன்னா இந்தக் கசகசாக் கொழுக்கட்டைதானா? எனக்குச் சர்க்கரைம்மா. ரெண்டு கிண்ணத்துலயும் சூப்பையே ஊத்து."

"சர்க்கரைன்னு சொல்லிட்டு நேத்து கேக் கடையில நின்னது யாரு?" என்று பின்னாலிருந்து ஒரு கிழவி கேட்டாள். வரிசை சிரித்தது. ஒத்திலியா சிரிக்கவில்லை. ஊற்றிக் கொடுத்தாள். அடுத்தவர் அல்ஃபொன்ஸ் வாத்தியார்.

"வணக்கம் ஒத்திலியா. வாசனை தெருமுனை வரைக்கும் வருது."

அவள் கேரியரை வாங்கினாள். கொக்கியைக் கழற்றி மூன்று கிண்ணங்களையும் ஜன்னல் பலகையில் வரிசையாக வைத்தாள். ஒன்றையும் நிரப்பவில்லை. பக்கத்தில் புத்தகத்தைத் திறந்து வைத்தாள்.

"படிங்க வாத்தியாரே."

அவர் பக்கத்தைப் பார்த்தார். "பின்னால ஆளுங்க நிக்கிறாங்கம்மா. அப்புறம் பேசலாம்."

"நிக்கட்டும். சூப் சூடாத்தான் இருக்கு."

"அது ஆவணங்களை வச்சு எழுதினது." அவர் குரல் வகுப்பறைக் குரலாகியது. "பதிவேட்டுல தகப்பன் பேரு இல்லாதவங்களை வம்சத்துல சேர்க்கிற வழக்கம் கிடையாது. அது முறை."

"எனக்குத் தகப்பன் பேரு இருக்கே! முதல் நெஸ்வானுக்கு இருந்துச்சா?"

அவர் புத்தகத்தை மூடக் கை நீட்டினார், அவள் பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அவனுக்கும் கோடுதான். என் மகளுக்கும் கோடுதான். அவனுக்கு மட்டும் குதிரை குடுத்தீங்க. என் மகளுக்குப் பூஜ்யம் குடுத்தீங்க. செத்தவன்னா உங்களுக்கு அவ்வளவு பாசமா? அந்தப் பொம்பளையைக்கூட எழுதலையே நீங்க. மில்லுல மாவு சலிச்ச கையி. அதையும் அழிச்சிட்டுக் குதிரை வாங்கிக் கட்டியிருக்கீங்க!"

"உன் நல்லதுக்குத்தான் ஒத்திலியா," என்று அவர் ஜன்னலுக்குள் தலையை நீட்டித் தாழ்ந்த குரலில் சொன்னார். "தேவையில்லாத பேச்சு கிளம்பும். எதுக்கு?"

"யாரு கிளப்பணும்? அதான் எல்லாருக்கும் தெரியுமே."

அவள் குரலைத் தாழ்த்தவில்லை. வரிசையில் அத்தனை பேரும் திடீரென்று தங்கள் கேரியர் மூடியில் எழுதியிருந்த சொந்தப் பெயரைப் படிக்க ஆரம்பித்தார்கள். சூப்போடு போயிருக்க வேண்டிய கெய்ஸா போகாமல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாத்தியார் திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை. ஊருக்குத் தெரியும் என்பது அவருக்கும் இந்த நிமிஷம்தான் தெரிந்தது போலிருந்தது. காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன. கிழவன் என்றுகூடப் பார்க்காமல் அவள் உள்ளுக்குள் நல்லா வேணும் என்று சொல்லிக்கொண்டாள்.

ஜன்னல் ஓரத்தில் சாப்பாட்டுப் பட்டியலில் கையெழுத்துப் போட நூலில் கட்டிய பென்சில் ஒன்று தொங்கும். அவள் அதை இழுத்துப் புத்தகத்தின்மேல் வைத்தாள்.

"திருத்துங்க."

"முன்னூறு பிரதி அச்சடிச்சாச்சு. இதுல ஒண்ணுல எழுதி என்ன ஆகப்போகுது?"

"ஞாயித்துக்கிழமை மேடையில பட்டியலைப் படிக்கப் போறது நீங்கதானே? இந்தப் புத்தகத்தையே கொண்டு போங்க. இதை வச்சுப் படிங்க."

"எத்தனைன்னு எழுதறது?" அவர் பென்சிலை எடுத்தார்.

"எண்ணத் தெரியாதா உங்களுக்கு? ஊருக்கே கணக்குச் சொல்லிக் குடுத்தீங்க."

அப்போது பள்ளிக்கூட கேட் கிறீச்சிட்டது. தள்ளுவண்டியைச் சரளைக்கல்லில் தடதடவென்று உருட்டிக்கொண்டு ஸ்லாவ்கா வந்தாள். கால்கள் வெளிப்பக்கம் சாய்ந்த அந்த நடை. "அம்மா! பஸ்ஸு முன்னாடியே வந்துருச்சு!" என்று கத்தினாள். யாரும் பதில் சொல்லாததைப் பார்த்து வேகத்தைக் குறைத்தாள். "என்ன ஆச்சு? யாராவது செத்துட்டாங்களா?"

வரிசையின் கடைசியில் நின்ற கிழவி ஒரு எட்டு விலகினாள். அடுத்தவர் விலகினார். அதற்கடுத்தவரும் விலகினார். இரண்டு பக்கமும் கேரியர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ள, நடுவில் வண்டி போகிற அளவுக்குப் பாதை உண்டாகிக்கொண்டே வந்தது. அது வாத்தியாரின் முதுகில் வந்து முடிந்தது. அவர் விலகவுமில்லை, திரும்பவுமில்லை. பென்சில் முனை பூஜ்யத்தின்மேல் நின்றது, நூல் விறைத்திருந்தது. ஒத்திலியா கரண்டியை அண்டாவுக்குள் விட்டு நிரப்பி, தூக்கி, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். ஜன்னல் பலகையில் மூன்று கிண்ணங்களும் காலியாகத் திறந்துகிடந்தன.