இடக்கைக்கு வெயில்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையில் ஐந்து பேர் இருந்தார்கள். இருந்த ஒரே நாற்காலியில், மின்விசிறிக்கு நேர் கீழே, அக்காவின் வீட்டுக்காரரான குடைக்கடைக்காரர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து, அதன்மேல் செய்தித்தாள் விரித்து, துணியில் எதுவும் ஒட்டிவிடக் கூடாதே என்று விளிம்பில் தொற்றிக்கொண்டிருந்தாள் அக்கா. பஸ் டிரைவரான அண்ணன், மூலையில் புதிதாக நிறுத்தியிருந்த பலகைக் கூண்டுக்குள், சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உயரமான ஸ்டூலில் இருந்தான். மற்ற இரண்டு பேர் உட்காரவில்லை. ஒருவர் சின்னவளின் வீட்டுக்காரர். கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர், நின்றே பழகியவர். இன்னொருத்தி சின்னவள். கடை அவளுடையது, அவளுக்கு எங்கே உட்கார இருப்புக் கொள்ளும்?

அவளுடையது என்று இன்னும் அடித்துச் சொல்ல முடியாது. வாடகைக்கு எடுத்தாயிற்று, கூண்டு அடித்தாயிற்று, மருந்து தெளிக்கிற துப்பாக்கியும் பாட்டில்களும் வந்து இறங்கிவிட்டன. ஆனால் வாசலில் பெயர்ப்பலகை மாட்டவில்லை. அவள் வேலை பார்த்த அழகு நிலையத்தின் முதலாளியம்மாவுக்கு இன்னும் பதில் எழுதவில்லை, அதுதான் காரணம்.

முதலாளியம்மா மகளோடு போய் இருக்கப்போகிறார். நிலையத்தை நீயே பார்த்துக்கொள், மாடியில் வீடும் தருகிறேன் என்று கடிதம் போட்டிருந்தார். போனில் பேசுவது காற்றோடு போகும் என்பது அவர் கட்சி. பதிலும் எழுத்தில்தான் வேண்டும், மாசம் முடிவதற்குள் கைக்கு வர வேண்டும், வராவிட்டால் வேறு ஆள் தயாராக இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் சின்னவள் சரி என்று எழுதிவிட வேண்டும் என்றுதான் இருந்தது. அவள் மட்டும் பேனாவை எடுப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

அந்த நிலையத்தில் சின்னவள் செய்ததெல்லாம் ஒரே வேலை. வெயில் கறுக்கவைத்த தோலை வெளுக்கவைப்பது. இன்றைக்கு வெளுத்து அனுப்பினால் அடுத்த வாரமே வெயில் தன் பங்கை வட்டியோடு திரும்ப எடுத்துக்கொள்ளும். வந்தவர்களுக்கு எரிச்சல், அவள் விரல் நுனிகளுக்கும் எரிச்சல். அண்ணனின் வலக்கையிலும் ஒருமுறை முயன்று பார்த்தாள். ஜன்னல் பக்கம் வைத்து வைத்து முழங்கை வரை கன்னங்கரேல் என்றிருக்கும் கை அது. இடக்கையோ சட்டைக்குள்ளிருந்து இப்போதுதான் வெளியே வந்த மாதிரி இருக்கும். டிப்போவில் அவனைக் கூப்பிடுவதே "ரெண்டாள்" என்றுதான். அன்றைக்கு வலக்கை சிவந்து தடித்ததுதான் மிச்சம்.

வெளுத்த கையைக் கறுக்கவைத்தால் என்ன என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது. அதற்கென்றே தோலில் தெளிக்கிற மருந்து இருக்கிறது, டேனிங் சலூன் என்று அதற்குக் கடையே இருக்கிறது என்று தெரிந்துகொண்டாள். போய்ப் பயிற்சியும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

இதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தவர் குடைக்கடைக்காரர். இப்போதும் நாற்காலியில் சாய்ந்தபடி அதையே ஆரம்பித்தார்.

"வெளிய போய் நின்னா ஓசியில கறுத்துடும். இந்த ஊர்ல வந்து வெயில் விக்கிறேங்கிறியே சின்னவ. நான் வெயிலை மறைச்சுப் பொழைக்கிறேன். நாம ரெண்டு பேரும் ஒரே குடும்பம்னு வெளிய சொல்லிடாதே."

"வெயிலுக்குக் கணக்கு தெரியாது அத்தான்," என்றாள் சின்னவள். "ஒரு கைக்கு அள்ளிக் கொடுத்துட்டு இன்னொரு கையை மறந்துடும். நான் அதோட கூட்டு சேர்ந்து மிச்சத்தைப் பாக்கப்போறேன். இத்தனை நாள் அதோட மல்லுக்கட்டினது போதும்."

அண்ணனுக்குத்தான் முதல் வேலை. விபத்தே இல்லாமல் ஓட்டியவன் என்று அவனுக்கு வருகிற சனிக்கிழமை டிப்போவில் பதக்கம் போடப்போகிறார்கள். அரைக்கைச் சீருடையில் நிற்கவைத்துப் படம் எடுத்து அலுவலகச் சுவரில் மாட்டுவார்கள். சுவரில் ஏறும் படத்திலாவது இரண்டு கையும் ஒரே ஆளுடையதாக இருக்கட்டும் என்பது அவன் ஆசை. அது மட்டும் சரியாக வந்துவிட்டால் சின்னவள் துணிந்து முதலாளியம்மாவுக்கு வேண்டாம் என்று எழுதிவிடுவாள். வராவிட்டால் சரி என்று எழுத வேண்டியதுதான். அதற்குத்தான் எல்லோரும் கூடியிருந்தார்கள்.

அவள் இடக்கையைத் தேய்த்துத் துடைத்து, உள்ளங்கையிலும் நகங்களிலும் நிறம் ஏறாதபடி களிம்பு தடவினாள். துப்பாக்கியைப் பிடிக்க வேண்டியது பெயிண்டர். காரில் ஒரு கதவு நசுங்கினால் அந்த ஒரு கதவுக்கு மட்டும் பெயிண்ட் அடித்து, எது புதுசு எது பழசு என்று கண்டுபிடிக்க முடியாமல் செய்கிறவர் அவர். மச்சானின் வலக்கையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஏதோ கண்டெடுத்த பொருளைப் பார்க்கிற பார்வை.

"மாப்பிள்ளை, நான் கார் இல்ல," என்றான் அண்ணன்.

"காரா இருந்தா வாயை மூடிக்கிட்டு நிக்கும் மச்சான்."

ரெண்டே பூச்சு, அதற்குமேல் கூடாது, நிறம் இப்போது தெரியாது, ராத்திரிதான் ஏறும் என்று சின்னவள் முன்பே சொல்லியிருந்தாள். ரெண்டு பூச்சு முடிந்தது. கை லேசாகத் தேநீர் சிந்திய மாதிரி இருந்தது, அவ்வளவுதான். குடைக்கடைக்காரர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய் உட்கார்ந்தார். அக்கா தங்கையின் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தாள். பெயிண்டர் துப்பாக்கியோடு சின்னவளை ஒரு பார்வை பார்த்தார். அடிக்கிற நிறம் அப்போதே கண்ணுக்குத் தெரிய வேண்டும் அவருக்கு. ஒரு கைக்கும் இன்னொரு கைக்கும் இவ்வளவு வித்தியாசத்தை வைத்துக்கொண்டு வேலையை முடித்ததாகச் சொல்ல அவருக்கு மனசு வராது.

அந்த இடத்தில்தான் சின்னவள் சறுக்கினாள். வேண்டாம் என்று சொல்ல வேண்டிய வாய், அத்தானின் பிதுங்கிய உதட்டைப் பார்த்துவிட்டு, "இன்னொண்ணு அடிங்க," என்றது. அப்புறம் இன்னொன்று. இரண்டு கையும் கிட்டத்தட்ட ஒன்று போலத் தெரிகிற வரைக்கும் அடித்தார்கள். குடைக்கடைக்காரர்கூடப் பரவாயில்லையே என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில் அண்ணன் வந்து நின்றான். இரண்டு கையையும் நீட்டினான். பெயிண்டர் முகத்தில் ஈயாடவில்லை. ராத்திரியெல்லாம் ஏறு ஏறு என்று ஏறி, இடக்கை வலக்கையைத் தோற்கடித்துவிட்டிருந்தது. ஒட்டடைக்கும் கரிக்கும் நடுவில் ஒரு நிறம். அதன் பக்கத்தில் பழைய கறுப்புக் கை பால் கை மாதிரி தெரிந்தது.

"என்னண்ணே பண்ணிட்டேன்," என்றாள்.

அண்ணன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சில நாட்டுல ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்குமாமே. அங்க ஓட்டிட்டு வந்தவன்னு சொல்லிக்கிறேன், விடு. பேரு மட்டும் மாறாது, ரெண்டாள் ரெண்டாள்தான்." சிரித்துக்கொண்டே சொன்னான். ஆனால் போகும்போது, ராத்திரிக் குளிருக்கென்று வைத்திருக்கிற முழுக்கைச் சட்டையை அந்தக் கொளுத்தும் காலையில் எடுத்து மாட்டிக்கொண்டு போனான். அவளால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

அன்றைக்கே உட்கார்ந்து சரி என்று முதலாளியம்மாவுக்கு எழுதினாள். வணக்கத்தில் ஆரம்பித்து, நலம் விசாரித்து, தாங்கள் சொன்னபடி பொறுப்பை ஏற்றுக்கொள்கிறேன் என்று முறையாக முடித்து, உறைக்குள் போட்டு, கூண்டின் பலகையில் செருகி வைத்தாள். ஒட்டவில்லை. சனிக்கிழமை அண்ணனுக்கு என்ன ஆகிறது என்று தெரியாமல் ஒட்ட மனசு வரவில்லை. அன்று மாலை ஐந்து மணித் தபாலில் போட்டால்கூடப் போய்ச் சேர்ந்துவிடும்.

பெயிண்டர் அந்த வாரம் முழுக்கத் தன் இடக்கால் ஆடுசதையில் வேலை செய்து பார்த்தார். ஒரு இடத்தில் ஒரு பூச்சு, பக்கத்தில் ரெண்டு, அதற்குக் கீழே மூன்று. மறுநாள் காலையில் விடிந்ததும் விடியாததுமாக வாசல்படியில் உட்கார்ந்து, லுங்கியைத் தூக்கிக்கொண்டு தன் காலையே வெறித்துப் பார்ப்பார். தெருவில் போகிறவர்கள் என்ன நினைத்தார்களோ. "பெயிண்ட் காயும்போது தெரியும், இது தூங்கும்போது தெரியுது," என்று ஒருநாள் தன்பாட்டில் சொன்னார். இன்னொரு நாள், "நீ சொன்ன ரெண்டுதான் சரி," என்றார். தப்பை ஒப்புக்கொள்வதில் அதுதான் அவருடைய உச்சம்.

சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் குடைக்கடைக்காரர் வந்தார். தபால் பெட்டி அவர் கடை வாசலில் இருக்கிறது. கடிதத்தை வாங்கிப் போட்டுவிடச் சொல்லி அக்கா அனுப்பியிருந்தாள். வானம் மூடிக்கொண்டு வந்ததால் கையில் ஒரு குடை. அவர் குடையைச் சுவரில் சாய்ப்பதற்குள் அண்ணன் உள்ளே நுழைந்தான். மார்பில் பதக்கம், அரைக்கைச் சட்டை. நேராகக் கூண்டுக்குப் பக்கத்தில் போய் நின்று, படத்துக்கு நின்ற மாதிரியே கைகளைக் கட்டிக்கொண்டான்.

இடக்கை எது, வலக்கை எது என்று சின்னவளுக்கு ஒரு கணம் குழம்பியது. தினமும் சோப்பிலும் தண்ணீரிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, கறுப்பு நேராக வலக்கையின் நிறத்துக்கு வந்து நின்றிருந்தது. திட்டு இல்லை, கோடு இல்லை. பெயிண்டர் கிட்டே வந்து, கட்டைவிரலால் அண்ணனின் முழங்கையைத் தடவிப் பார்த்தார்.

"ஓரம் தெரியல," என்றார்.

"படம் எடுத்தவன், ரெண்டாள் எங்கடா, ஒரு ஆள்தானே நிக்கிறான்னு கேட்டான்," என்றான் அண்ணன். பிறகுதான் வாசலைத் திரும்பிப் பார்த்து, உள்ளே வாங்க என்றான். டிப்போ வாசலில் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்ளும் போலீஸ்காரம்மா தயங்கிக்கொண்டு வந்தார். வெள்ளைக் கையுறையைக் கழற்றினார். மணிக்கட்டுவரை கறுத்த கை. அதற்குக் கீழே விரல்களெல்லாம் வேறு யாரிடமோ இரவல் வாங்கியவை போல வெளிறியிருந்தன.

"வீட்ல எல்லாரும் கையுறையைக் கழட்டு கழட்டுங்கிறாங்க," என்றார். "கழட்டித்தான் இருக்கேன்."

அவரை ஸ்டூலில் உட்காரவைத்தாள் சின்னவள். இந்த முறை ரெண்டு பூச்சு. முடிந்ததும் விரல்கள் லேசாகத் தேநீர் சிந்திய மாதிரி இருந்தன. குடைக்கடைக்காரர் குனிந்து பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். பெயிண்டர் அவளைப் பார்த்தார். சின்னவள் துப்பாக்கியை அவர் கையிலிருந்து வாங்கிக் கொக்கியில் மாட்டினாள்.

"அவ்வளவுதான். காலைல பாருங்க," என்றாள் போலீஸ்காரம்மாவிடம். "ராத்திரி வரைக்கும் தண்ணி மட்டும் படக்கூடாது. பட்டா கோடு கோடா ஆயிடும்."

அந்த நேரம் பார்த்து மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. போலீஸ்காரம்மா கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் திகைத்து நின்றார். குடைக்கடைக்காரர் மழையைப் பார்த்தார், அந்தக் கைகளைப் பார்த்தார், சுவரில் சாய்ந்திருந்த குடையைப் பார்த்தார். மெதுவாக அவர் முகத்தில் வியாபாரக் களை வந்தது. குடையை விரித்துப் போலீஸ்காரம்மாவிடம் கொடுத்தார்.

"சின்னவ," என்றார் திரும்பி, "இங்கேருந்து போற ஒவ்வொருத்தரும் நனையாம போகணும்ல? இந்தக் கதவுக்குப் பக்கத்துல ஒரு கம்பி அடிச்சா ஏழெட்டுக் குடை தொங்கும்."

"அடிக்கலாம் அத்தான்."

"அப்புறம்..." கைக்கடிகாரத்தை மேலே தள்ளி, அடியில் இருந்த வெள்ளைப் பட்டையைக் காட்டினார். "இதுக்குக் காசு கேப்பியா?"

"உங்ககிட்ட ரெண்டு மடங்கு."

சின்னவள் கூண்டில் செருகியிருந்த உறையை எடுத்தாள். உள்ளே இருந்த காகிதத்தை நாலாகக் கிழித்தாள். போலீஸ்காரம்மாவின் விரல்கள் நாளைக்கு எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டு எழுதலாமே என்று அண்ணன் மெல்லச் சொல்லிப்பார்த்தான். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டுப் புதுத் தாளில் எழுதினாள். அதே வணக்கம், அதே நல விசாரிப்பு. தாங்கள் என்மேல் வைத்த நம்பிக்கைக்கு நன்றி. நான் வேறு கடை திறக்கிறேன். திங்கட்கிழமை பலகை மாட்டுகிறோம். மகள் வீட்டிலிருந்து எப்போதாவது இந்தப் பக்கம் வந்தால், கண்ணாடி கழற்றும்போது உங்கள் மூக்கின் இரண்டு பக்கமும் தெரிகிற வெள்ளைத் தடத்தை நானே பார்த்துக்கொள்கிறேன்.

மடித்து உறைக்குள் வைத்தாள். பசை ஓரத்தை நாக்கால் தடவி, விரலால் அழுத்தி அழுத்தி ஒட்டினாள். அத்தானிடம் நீட்டினாள். அவர் அதைச் சட்டைக்குள் பத்திரமாக வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, குடையில்லாமல், ஐந்து மணித் தபாலைப் பிடிக்க மழையில் இறங்கி ஓடினார்.