எட்டிப் போடு

வாருங்கள் தோழர்களே, வந்து என் அக்காவின் வலது காலைப் பாருங்கள். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, உட்புறத்தில், ஒரு விரல் வைத்தால் மறைந்துபோகும் இடம். அங்கே எலும்பில் மயிரிழை அளவு விரிசல் விழுந்தது. கல் தடுக்கவில்லை, பள்ளம் இடறவில்லை. இரண்டே சொற்கள் அந்த எலும்பைப் பிளந்தன. அவற்றை நாள்தோறும் முழங்கிய வாய் என்னுடையது. சாட்சியாக நில்லுங்கள். ஆனால் தீர்ப்பைச் சொல்ல அவசரப்படாதீர்கள். அதே சொற்கள் உங்கள் வாயிலும் இருக்கின்றன.

நான் பேருந்து நிலைய அறிவிப்பாளன். குரலால் பிழைப்பவன். பணிமனைக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் விடியற்காலையில் பன்னிரண்டு தொழிலாளர்கள் ஓடுவார்கள். அவர்களுக்கு நானே பயிற்சியாளன் ஆனேன். ஓட்டத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கையில் ஒலிபெருக்கி இருந்தது, அதுவே தகுதியாயிற்று.

அவர்களில் ஒருத்தி என் அக்கா; பணிமனைக் கிடங்கில் டயர் உருட்டுபவள். தீயணைப்புப் படையில் சேர வேண்டும் என்பது அவளுடைய பத்தாண்டு ஆசை. வயது வரம்பு முப்பத்தைந்து. அவளுக்கு முப்பத்தைந்து முடிய எட்டு மாதமே இருந்தது. வரப்போகும் தேர்வே கடைசி வாய்ப்பு. மூவாயிரம் மீட்டரைப் பதினைந்து நிமிடத்துக்குள் ஓடியாக வேண்டும். எங்கள் மைதானத்தில் அது பத்துச் சுற்று. அவள் பதினைந்து நிமிடம் ஐம்பது விநாடியில் முடித்துக்கொண்டிருந்தாள்.

“ஐம்பது செகண்டுதானே? எட்டிப் போடுக்கா, வந்துடும்” என்றேன்.

நம் வீடுகளில் விரைந்து வா என்பதற்கு வேறு சொல் உண்டா? பள்ளிக்கு நேரமானாலும், மழை வந்தாலும், எட்டிப் போடு என்கிறோம். கால் எவ்வளவு தூரம் முன்னால் விழுகிறதோ அவ்வளவு வேகம் என்று அந்தச் சொல்லே நம்மை நம்பவைத்துவிட்டது. நான் அதை ஒலிபெருக்கியில் போட்டேன். ஒவ்வொரு வளைவிலும் “எட்டிப் போடு!” இரண்டு வாரத்தில் முப்பது விநாடி குறைந்தது. என் நெஞ்சு நிமிர்ந்தது.

ஒருவர் மட்டும் தடுத்தார். பேருந்து மெக்கானிக். குட்டைக் குட்டையாக அடி வைத்து ஓடுவதால் ஆமை என்று பெயர் வாங்கியவர். ஒருநாள் அக்காவின் ஷூவைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அறிவிப்பு, இங்க வாய்யா. பின்னாடி ரப்பர் மொட்டையாயிடுச்சு, முன்னாடி புதுசு மாதிரி இருக்கு பாரு.”

“அதனால என்ன ஆமை அண்ணே?”

“குதிகால் தேஞ்சதை மட்டும் வெச்சுச் சொல்லல. ஓடுறதையும் பாத்தேன். கால் உடம்புக்கு முன்னாடி ரொம்ப தூரம் போய் ஊனுது. ஆக்ஸிலரேட்டரை மிதிச்சுக்கிட்டே பிரேக்கையும் போடுற டிரைவர் மாதிரி. இடி முழுக்க எலும்புல இறங்கும். அடியைச் சின்னதாக்கி, வேகமா வெக்கச் சொல்லு.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒலிபெருக்கியை எடுத்தேன்.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு! ஆமை ஒன்று ஓட்டப் பந்தயத்துக்கு வகுப்பெடுக்கிறது!”

மைதானமே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்றும் என்னைக் குத்துகிறது. மெக்கானிக் கோபப்படவில்லை. “ஆமைக்கு ஓடு இருக்குய்யா. இருபது வருஷமா ஓடுறேன், என் ஓடு உடையல” என்று சொல்லி ஷூவைக் கீழே வைத்தார்.

அடுத்த வாரம், அக்கா சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து காலில் பனிக்கட்டி வைத்திருந்தாள்.

“டேய், ஒரே இடம் மட்டும் சுடுதுடா. தொட்டாலே உயிர் போகுது.”

“சதைப் பிடிப்புக்கா. ஓட ஓட சரியாயிடும்.”

“சதை இல்லடா. உள்ள.”

“நீ என்ன டாக்டரா?”

“நீ?”

காலை வண்டிகளுக்கு நேரமாயிற்று என்று எழுந்து போய்விட்டேன்.

மறுநாள் விடியலில் அவள் மைதானத்தின் ஓரமாக நின்றாள். ஓடத் தயங்கினாள். நான் பார்த்தேன். பார்த்தும் முழங்கினேன்: “மூவாயிரம் மீட்டர் நோக்கிச் செல்லும் விரைவு அக்கா, ஒன்றாம் தடத்தில் புறப்படத் தயார் நிலையில் உள்ளது!” கைத்தட்டல் எழுந்தது. பத்துப் பேர் தட்டும்போது வலிக்கிறது என்று எப்படிச் சொல்வாள்? ஓடினாள். ஐந்தாவது சுற்றின் வளைவில் வலது கால் ஊன்றியது. உடம்பு அதன்மேல் ஏறவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். தேர்வுக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

ஸ்கேன் விரிசலைக் காட்டியது. இயன்முறை மருத்துவர் ஓர் இளம்பெண். “ஓடுற வீடியோ இருந்தா காட்டுங்க” என்றார். நண்பர் ஒருவர் எடுத்தது என் கைபேசியில் இருந்தது. அவர் அதை மெதுவாக ஓடவிட்டு, அக்காவின் பாதம் தரையைத் தொடும் நொடியில் நிறுத்தினார். முழங்கால் மடங்காமல் விறைத்திருந்தது. பாதம் இடுப்புக்கு வெகுதூரம் முன்னால் விழுந்திருந்தது. பிறகு வழக்கமான வேகத்தில் ஓடவிட்டார். “எட்டிப் போடு!” என்றது கைபேசி. ஒவ்வொரு முறை அந்தக் குரல் கேட்டதும் அக்காவின் கால் இன்னும் ஒரு சாண் முன்னால் போனது.

“யார் இப்படி ஓடச் சொன்னது?”

“யாரும் இல்லங்க. நானாத்தான் ஓடினேன்” என்றாள் அக்கா.

“இந்தச் சத்தம்?”

“பக்கத்துல பஸ் ஸ்டாண்டுங்க. அங்க ஏதாவது கத்திக்கிட்டே இருப்பாங்க.”

அவள் என் பக்கம் திரும்பவில்லை. எலும்பு உடைந்தவள் உடைத்தவனைக் காப்பாற்றினாள்.

“நான்தாங்க” என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

மருத்துவர் திட்டவில்லை. “அடியைக் குறைச்சு, எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டணும். நிமிஷத்துக்கு நூத்தம்பது அடி வெக்கிறவங்க எட்டு, பத்து அடி கூடுதலா வெச்சு ஆரம்பிச்சா போதும். பாதம் இடுப்புக்குப் பக்கத்துல விழணும். ஒரே இடத்துல வலின்னா அன்னைக்கே நிறுத்தணும்” என்றார். மெக்கானிக் சொன்னதைத்தான் அவரும் சொன்னார். இம்முறை சிரிக்க என்னிடம் வாய் இல்லை.

தேர்வு நாளன்று அக்கா ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு வாசல் நாற்காலியில் அமர்ந்திருந்தாள்.

“மணி என்னடா?”

“ஏழரைக்கா.”

“இந்நேரம் ஓடி முடிச்சிருப்பாங்க.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் மைதானத்தில் எல்லோர் முன்னிலையிலும் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்; ஒலிபெருக்கி இல்லாமல் சொன்னேன். பிறகு ஒலிபெருக்கியை மெக்கானிக்கிடம் நீட்டினேன். “எனக்கெதுக்குய்யா? பேசறதுக்கு ஆள் இருக்கு. கேக்கறதுக்கு ஒரு மெஷின் இருந்தா குடு” என்றார்.

நான்கு மாதம் கழித்து அக்கா மறுபடி ஓட வந்தாள். முதலில் நடை, நடுவே ஒரு நிமிட ஓட்டம், மீண்டும் நடை. மெக்கானிக்கின் பின்னால், அவருடைய பொடி அடிகளுக்குத் தன் அடியைச் சேர்த்து ஓடினாள். தோள் இறங்கியிருந்தது. முன்பு அவள் காலடி தொப் தொப்பென்று கேட்கும். இப்போது காதைக் கொடுத்தால்தான் கேட்டது. அவளுக்கு முப்பத்தைந்து முடிந்து இரண்டு மாதம் ஆன ஒரு காலையில் பத்துச் சுற்று ஓடிவிட்டு என் எதிரே நின்றாள்.

“எவ்வளவுடா?”

கடிகாரத்தைக் காட்டினேன். பதினான்கு நிமிடம் ஐம்பத்திரண்டு.

அதைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். “வண்டி சரியான நேரத்துக்கு வந்துடுச்சு. ஸ்டாண்டைத்தான் மூடிட்டாங்க.”

தோழர்களே, நீங்கள் கண்ட சாட்சியம் இதுதான். எனக்கு மன்னிப்பு வேண்டாம்; அதை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? எனக்கு வேண்டியது உங்கள் கைகள். நாளைக் காலை ஓடுகிற ஒருவரைப் பக்கவாட்டில் நின்று படம் பிடியுங்கள். பாதம் எங்கே விழுகிறது என்று அவரோடு உட்கார்ந்து பாருங்கள். முன்னால் பாய்ந்து விழுந்தால், அடியைச் சுருக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் எவரேனும் ஒரு விரலால் ஓர் இடத்தைத் தொட்டு “இங்க மட்டும் வலிக்குது” என்றால், கைத்தட்டலை நிறுத்துங்கள். ஓட்டத்தையும் நிறுத்துங்கள். அன்றைக்கே நிறுத்துங்கள்!