துவைத்த கவுன்

1

பழைய விளம்பரங்களில் உடைகள் எதைச் சொல்கின்றன என்று ஒரு கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். கோட்டு சூட்டு என்றால் நம்பிக்கை, கசங்காத ஏப்ரன் என்றால் நல்ல மனைவி, வெள்ளை என்றால் சுத்தம் என்று மூன்று பத்தி ஓடியது. நான்காவது பத்திக்காக, ஒரு சலவை சோப்பு விளம்பரத்தை வரைந்த ஓவியரைப் போய்ப் பார்த்தேன். கட்டுரை அதோடு நின்றுவிட்டது.

2

அந்தப் படத்தில் ஒரு குழந்தையின் வெள்ளைக் கவுன் கொடியில் காய்கிறது. பக்கத்தில் தாய் சிரிக்கிறாள்.

‘ஓவியர் ஒரு கல்நெஞ்சக்காரர். தன் வேலை முடிந்தால்—’

(இப்படித்தான் தொடங்கினேன். அடித்துவிட்டேன். அவருடைய அக்காவின் குழந்தை காய்ச்சலில் இறந்தபோது, அதை ஆஸ்பத்திரியிலிருந்து மார்போடு அணைத்துத் தூக்கி வந்தவர் அவர்தான்.)

3

பார்த்து வரைய ஒரு கவுன் தேவைப்பட்டது. அக்காவிடம் கேட்டார்.

“பாப்பாவோட கவுன் ஏதாவது இருக்குமாக்கா? வரைஞ்சிட்டுத் தந்துடறேன்.”

அக்கா உள்ளே போய், நேரம் கழித்துத்தான் வந்தாள். “பத்திரம்டா” என்றாள்.

கழுத்தோரம் அழுக்கு, மார்பில் பால் கறை. விளம்பரத்துக்கான அதே சோப்பைப் போட்டுத் தன் கையாலேயே துவைத்தார். வரைந்து முடித்ததும், அக்கா சந்தோஷப்படுவாள் என்று இஸ்திரியும் போட்டு வைத்தார்.

4

அக்கா கவுனை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டாள்.

“துவைச்சியா?”

“ஆமாக்கா. அழுக்கா இருந்துச்சு.”

“அவ வாசனை இதுல மட்டும்தாண்டா இருந்துச்சு.”

அழவில்லை. கவுனை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். அதன்பிறகு தம்பியிடம் பேசவேயில்லை. விளம்பரம் நன்றாக ஓடியது. அவள் வேலைக்குப் போகும் தெருவிலும் ஒட்டினார்கள். அவள் சுற்றுவழியில் போகத் தொடங்கினாள்.

(வெள்ளை என்றால் சுத்தம் என்று எழுதியிருந்தேனே, அது அரைகுறை. அந்தப் படங்களில் வெள்ளை என்றால் யாரும் உடுத்திப் புழங்காத துணி.)

5

ஒரு முடிவு எழுதினேன்: வயதான அக்கா தம்பி வீட்டு வாசலில் வந்து நின்று, “போனா போகுதுடா” என்கிறாள். பொய்யாக இருந்தது. கிழித்துவிட்டேன்.

நடந்தது வேறு. போன வருஷம் அக்கா இறந்துவிட்டாள், பேசாமலேயே.

“நீங்க கதை எழுதறவர்தானே?” என்றார் ஓவியர். “அவ எங்கிட்ட ஒரு வார்த்தை பேசுற மாதிரி எழுதுங்களேன். திட்டினாலும் சரி.”

எத்தனையோ தடவை உட்கார்ந்து பார்த்தேன். அவள் வாயைத் திறக்கவில்லை. உங்களுக்கு அவள் குரல் கேட்டால் அவரிடம் போய்ச் சொல்லுங்கள். எழுதிக் கொடுக்க வேண்டாம். அவருக்கு இப்போது கண் தெரிவதில்லை.