செர்ரிக் கன்றின் உச்சிக் கட்டு

ஒன்பது மணிக்கு ஊர்த்தலைவர் குமாகாய் வந்து கன்றைப் பார்ப்பதாக ஏற்பாடு. ஏழரைக்கு, ஒட்டிக்கொண்டிருந்த கடைசி இலைகளை உதிர்த்துவிடலாம் என்று கிளையைப் பிடித்த ஃபுசாயேயின் விரலில் ஏதோ நெருடியது. குனிந்து பார்த்தாள். பட்டையைச் சுற்றி மோதிரம் பதிந்த மாதிரி ஒரு பள்ளம். அடுத்த கிளையிலும் அதே பள்ளம். மூன்றாவதில் பள்ளத்துக்குள் தூண்டில் நரம்புத் துண்டு ஒன்று புதைந்து கிடந்தது. அதன் முனையில், அவள் வீட்டுக்காரர் தோகுஜி ஆற்றில் மீன் பிடிக்க வைத்திருக்கும் ஈயக்குண்டு.

இந்தக் கிளைகள் தானாகத் தொங்கவில்லை. தொங்கவிடப்பட்டவை.

நான்கு வருஷத்துக்கு முன் ஒரு ஜூன் மாதம், கோயில் படிக்கட்டு ஓரம் நின்ற பெரிய தொங்கு செர்ரியின் அடியில் முப்பது பழம் பொறுக்கி வந்தவள் அவள். சதையைக் கசக்கி, விதையை ஏழு தண்ணீரில் அலசி, ஈர மணலில் புதைத்து, குளிர் காட்டினால்தான் முளைக்கும் என்று ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் மார்ச் வரை வைத்திருந்தாள். ஊறுகாய் என்று நினைத்து டப்பாவைத் திறந்த தோகுஜி ஒரு வாரம் புலம்பினார். ஊரே சிரித்தது. அந்த மார்ச்சில்தான் ஈரப்பனி கொட்டிப் பெரிய மரம் வேரோடு சாய்ந்தது. அதே வாரம் டப்பாவில் ஏழு விதை முளைவிட்டது. அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

ஏழில் இரண்டை நத்தை தின்றது. நான்கு விறைப்பாக வானத்தைப் பார்த்து வளர்ந்தன. மலைச்சரிவில் நிற்கும் சாதாரணச் செர்ரியிலிருந்து தேனீ மகரந்தம் கொண்டுவந்தால் பிள்ளை அப்பனைக் கொண்டுதான் பிறக்கும், அதற்கு யார் என்ன செய்ய முடியும்? மிச்சம் இருந்தது இது ஒன்று. இதன் கிளைகள் மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் மூன்று வருஷம் அவளை இழுத்தடித்தன.

போன குளிர்காலத்து ஊர்க்கூட்டத்தில் குமாகாய் முடிவைச் சொல்லிவிட்டார். நவம்பருக்குள் இந்தக் கன்று தொங்கினால் படிக்கட்டு ஓரம் இதுதான். தொங்காவிட்டால், டவுன் நர்சரியில் ஒட்டுக்கட்டிய மரம் ஒன்றைச் சொல்லி வைத்தாயிற்று. அது எந்த ஊர் மரத்தின் பிள்ளையோ! பழைய மரத்துக்கு வேறு வாரிசு கிடையாது.

இந்த ஜூனில் மகளின் பிரசவத்துக்காக ஃபுசாயே செண்டாய் நகரத்துக்குப் போனாள். போகும்போது புருஷனுக்கு ஒரே ஒரு வேலைதான் வைத்துவிட்டுப் போனாள். தண்டின் நுனி வளர வளர, ஞாயிறு தவறாமல் மூங்கில் கழியோடு சேர்த்துக் கட்டவேண்டும். உயரம் வேண்டுமென்றால் எந்தச் செர்ரிக் கன்றுக்கும் இங்கே அப்படித்தான் கட்டுவார்கள். அக்டோபரில் திரும்பி வந்தபோது கிளைகள் எல்லாம் தரையைப் பார்த்துத் தொங்கின. பையைக்கூடக் கீழே வைக்காமல் முற்றத்திலேயே நின்று அழுதாள். அன்று சாயங்காலமே மூன்று வீட்டுக்குப் போய்ச் சொல்லியும் விட்டாள்.

தோகுஜி மிசோ சூப்பை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஈயக்குண்டை வைத்தாள்.

"ஒன்னு விட்டுப்போச்சா," என்றார் அவர், கிண்ணத்தைப் பார்த்தபடியே.

அப்புறம் எல்லாம் வந்தது. ஜூலையில் நாற்பது குண்டு கட்டினாராம். கிளை முற்றி, வளைந்தது வளைந்தபடி நின்றதும் செப்டம்பரில் அவிழ்த்தாராம். தினமும் போனில் 'இறங்கிடுச்சா, இறங்கிடுச்சா' என்று அவள் கேட்டது அவருக்குத் தாங்கவில்லையாம். குழந்தை எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டதற்குக்கூட அவள் ஒருநாளும் பதில் சொல்லவில்லையாம்.

"நீ வாயத் திறக்காத. யாருக்குத் தெரியப்போகுது? அடுத்த வருஷமும் நான் பாத்துக்கறேன்."

"எப்படி? கோயில் வாசல்ல ஏணி போட்டு ஏறியா?"

அவர் சூப்பைக் குடித்தார். அவளுக்கு அந்தக் கிண்ணத்தை எடுத்து வீசலாம் போல இருந்தது. அதைவிட மோசம், அவர் சொன்னபடி வாயை மூடிக்கொள்ளலாம் என்றும் இருந்தது. குண்டை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஒன்பது அடிக்கக் குட்டி லாரி வந்து நின்றது. மண்வெட்டியும் வேரைச் சுற்ற வைக்கோல் பாயுமாக இறங்கினார் குமாகாய். நாற்பது வருஷம் மர அறுவைப் பட்டறையில் இருந்தவர், எழுபத்தைந்து வயது. மரத்தைத் தவிர எதையும் அவர் புகழ்ந்து யாரும் கேட்டதில்லை. கன்றை இரண்டு சுற்று சுற்றினார். தொப்பியைக் கழற்றினார்.

"அம்மாவ உரிச்சு வெச்சிருக்கு, ஃபுசாயே சான்," என்றார்.

ஃபுசாயேயின் கை பைக்குள் குண்டை அழுத்திக்கொண்டிருந்தது. தோகுஜி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். குமாகாய் வேரிலிருந்து ஒரு முழம் தள்ளி மண்வெட்டியை ஊன்றி, காலை அதன்மேல் வைத்தார். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது. படிக்கட்டு ஏறுகிற ஒவ்வொரு ஆளும் அந்த மரத்தைப் பார்த்து அம்மாவை உரித்து வைத்திருக்கிறது என்பான், அவள் தலையை ஆட்டிக்கொண்டே கிழவியாகவேண்டும்.

"வெட்டாதீங்க, குமாகாய் சான்."

குண்டை எடுத்து நீட்டினாள். பள்ளங்களைக் காட்டினாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். குமாகாய் ஒவ்வொரு கிளையாகத் தடவிப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, போனை எடுத்து நர்சரி நம்பரைத் தேட ஆரம்பித்தார்.

அவரை ஒன்றும் சொல்ல முடியாது. அதனால் ஃபுசாயேயின் ஆத்திரம் முழுக்கப் புருஷன்மேல் பாய்ந்தது.

"நான் சொன்ன ஒரே வேலையாவது செஞ்சீங்களா? உச்சிய ஒழுங்கா கட்டினீங்களா, அதுவும் இல்லையா?"

"ஏன் கட்டல? ஒரு ஞாயித்துக்கிழம விட்டேனா?" தோகுஜிக்கும் ரோஷம் வந்துவிட்டது. "என் பாடு எனக்குத்தான் தெரியும். ஒவ்வொரு வாரமும் நுனி துவண்டு பக்கத்து வேலி மேல கெடக்கும். முக்காலி போட்டு ஏறி, அத தூக்கி நிமித்தித்தான் கட்டணும். சவலப் பிள்ள மாதிரி. நிக்கவே நிக்காது."

ஃபுசாயே தலையைத் தூக்கி உச்சிக் கட்டைப் பார்த்தாள். போனைக் காதில் வைத்திருந்த குமாகாய் திரும்பினார். மறுமுனையில் யாரோ ஹலோ ஹலோ என்றார்கள்.

"திரும்பச் சொல்லு, தோகுஜி. நுனியிலயும் குண்டு கட்டினியா?"

"அதுல எதுக்குக் கட்டணும்? அதான் தானா விழுந்துக்கிட்டே இருந்துச்சே. சத்து இல்லன்னு நெனச்சேன்."

குமாகாய் போனை அணைத்தார். "முக்காலியக் கொண்டா," என்றார்.

ஏறினார். கத்தரியால் உச்சியின் சணல் முடிச்சை வெட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. அதற்குக் கீழிருந்ததை வெட்டினார். அப்போதும் நுனி கழியோடு ஒட்டி நின்றது. ஃபுசாயே முக்காலியின் காலைப் பிடித்துக்கொண்டாள். பொய்யனின் வார்த்தையை நம்பி என்ன பிரயோஜனம் என்று குமாகாய் இறங்கிவிடுவார், நர்சரிக்காரன் மத்தியானத்துக்குள் வந்துவிடுவான். மூன்றாவது முடிச்சு அறுந்தது. கடைசியாகக் கட்டிய, பென்சில் கனம்கூட இல்லாத அந்த நுனி கழியை விட்டு மெல்ல விலகியது. விலகி, சாய்ந்து, ஒரு முழம் வளைந்து குமாகாயின் தோளைத் தொட்டு நின்றது.

அவர் தோளை அசைக்கவே இல்லை.

"தொங்குற ஜாதிதான்," என்றார். "உன் புருஷன் கை வெக்காம இருந்திருந்தா அடுத்த கோடையில கிளையெல்லாம் தானா இறங்கியிருக்கும்." அப்புறம் கத்தரியை அவளிடம் நீட்டினார். குண்டு கட்டி வளைத்த ஒன்றுகூட இருக்கக்கூடாது, எல்லாவற்றையும் வெட்டிவிடு, அது இறக்குவதை அதுவே இறக்கட்டும் என்றார்.

நான்கு வருஷத்துக் கிளைகள். பதினேழையும் அவளே வெட்டினாள். வெட்டிய இடத்தில் எல்லாம் மருந்து பூசினாள். தோகுஜி கிளைகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பொறுக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மொட்டு இருக்கிறது, தண்ணீரில் வைத்தால் பூக்குமோ என்று முணுமுணுத்தார்.

பதினோரு மணிக்குக் கோயில் படிக்கட்டு ஓரம் கன்று நின்றது. ஒரு கழி, கழியோடு கட்டிய ஒரு குச்சி, குச்சியின் உச்சியில் தொங்கும் ஒரே ஒரு நுனி. வேடிக்கை பார்க்க வந்தவர்களில் ஒருத்தி, இதற்கா ஒரு வருஷம் காத்திருந்தோம் என்று காதில் விழும்படியே கேட்டாள். ஃபுசாயே மண்ணை மிதித்துக்கொண்டிருந்தாள்.

காற்று அடித்து நுனி கழியில் போய் மாட்டிக்கொண்டது. எடுத்துவிடலாம் என்று தோகுஜி கையை நீட்டினார். ஃபுசாயே நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.