முதல் பரிசு வாங்கிய பேச்சு

டெஸ்மண்டின் புது லோரி சனிக்கிழமை மத்தியானம் மலையூர் ரிங்லெட்டுக்கு வந்து சேர்ந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை முடிந்ததும் அவன் அண்ணன் கிரகரி நேரே அங்கே போனார். முன்பக்கம் மாதா படம், பூமாலை, எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு பின்பக்கம் போய்ப் பார்த்தார். கதவு முழுக்க ஹிட்லரின் முகம்.

"எப்படிண்ணே? பின்னால வர்றவன் மிரளணும்லா," என்றான் டெஸ்மண்ட்.

"நாளைக்கு ஃபாதர் வந்து லோரியை மந்திரிக்கப்போறார். இதை அழிச்சிடுடா."

"ஃபாதர் முன்பக்கம் நின்னு தீர்த்தம் தெளிக்கட்டும்."

"லட்சக்கணக்குல ஆளுங்களைக் கொன்னவன்டா அவன்."

"வெள்ளைக்காரன் ஜெயிச்சான், அவனுக்குத் தோதா எழுதிக்கிட்டான். நேதாஜிக்குக் கை கொடுத்தது யாரு? சிதறிக் கிடந்த நாட்டை ஆறே ஆண்டில் நிமிர வைத்த ஆண்மகன் யாரு?"

கடைசி வரியைக் கேட்டதும் கிரகரிக்குச் சுரீர் என்றது. அது டெஸ்மண்ட் பேசுகிற தமிழ் இல்லை.

"என்னண்ணே முழிக்கிற? நீ சொன்னதுதானே!"

உண்மைதான். பதினேழு வயதில் தோட்டத்து மண்டபத்தில் நடந்த பேச்சுப் போட்டியில் கிரகரி ஹிட்லரைப் பற்றிப் பேசி முதல் பரிசு வாங்கியிருந்தார். ஒன்பது வயது டெஸ்மண்ட் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு ஒத்திகை கேட்டவன். அண்ணன் மறக்க நினைத்ததைத் தம்பி மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்த கிரகரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், வாசலுக்குப் போய் எதிர்ச்சரிவுத் தேயிலையைப் பார்த்தபடி நின்றுவிட்டுத் திரும்ப வந்தார். கூடத்தில் மகள் கரேன் நாளைக்குப் போடப்போகும் கவுனை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இருபத்து நான்கு வயது. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவள். தோட்டத்துக் கடையில் தேயிலைப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறாள். அவளுடைய லேபிள் ஒன்றுகூடக் கோணாது. புது லோரியில் முதல் சவாரி உனக்குத்தான் என்று டெஸ்மண்ட் சித்தப்பா மாசக்கணக்கில் சொல்லி வைத்திருந்தான்.

"என்னங்க, குட்டி போட்ட பூனை மாதிரி இங்கயும் அங்கயும். என்னாச்சு?" என்றாள் மனைவி மேவிஸ்.

சமையலறைக்குள் கூப்பிட்டுக்கொண்டு போய் அவளிடம் சொன்னார். கரேன் பிறந்த புதிதில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்தார். அப்போதுதான் தெரிந்தது, அந்த மனிதனின் ஆட்சியில் இந்தப் பிள்ளைகளை என்ன செய்தார்கள் என்று. அன்று முதல் அந்தப் பேச்சைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

"இருபது வருஷத்துக்கு மேல உள்ளயே வச்சிருந்தீங்களா?"

"எப்படிச் சொல்றது? அவனைப் புகழ்ந்து கைதட்டு வாங்கினவன் நான்."

மேவிஸ் அடுப்பை அணைத்தாள். பிறகு, "தம்பிகிட்டச் சொல்லுங்க. அவருக்கும் தெரியணும்," என்றாள்.

ஞாயிறு பூசை முடிந்து பத்திருபது பேர் லோரியைச் சுற்றி நின்றார்கள். ஃபாதர் இன்னும் வரவில்லை. கரேன் அதற்குள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டும் போட்டுவிட்டாள். கிரகரி தம்பியைத் தனியாகக் கூப்பிட நினைத்தவர், நின்ற இடத்திலேயே பேசிவிட்டார்.

"டெஸ்மண்ட், அன்னிக்கு நான் பேசினது தப்புடா. கரேன் மாதிரி ஆளுங்களை ஆஸ்பத்திரிக்குன்னு சொல்லி பஸ்ல ஏத்திக் கொண்டுபோய்க் கொன்னானுங்க. சீக்கு வந்து செத்துட்டாங்கன்னு பெத்தவங்களுக்குக் கடிதாசி போட்டானுங்க."

"பொய்! யாரோ கட்டி விட்டது."

"அவனே கையெழுத்துப் போட்ட காகிதம் இருக்கு."

டெஸ்மண்டின் முகம் கறுத்தது. "எல்லார் முன்னாலயும் என்னை அசிங்கப்படுத்தத்தான் வந்தியா?"

கிரகரி லோரியின் முன்கதவைத் திறந்தார். "கரேன், இறங்கும்மா."

"மாட்டேன். இது என் சீட்டு."

"இறங்குன்னு சொல்றேன்ல!"

அப்பா அவளிடம் அப்படிக் கத்தியதே இல்லை. அழுதுகொண்டே இறங்கினாள். ஃபாதர் வந்து, பின்கதவைப் பார்த்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு, முன்பக்கம் மட்டும் மந்திரித்துவிட்டுப் போனார். லோரி தானா ராத்தா பக்கம் ஆளில்லாத முன் சீட்டோடு புறப்பட்டது.

நாலு நாள் கரேன் அப்பாவோடு பேசவில்லை. நான் செய்தது தம்பிக்காகவா, எனக்காகவா, பிள்ளையை ஏன் அழவைத்தேன் என்று கிரகரி வேலையில் நின்றபடியே மனசுக்குள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் வாசலில் ஹாரன் கேட்டது. பின்கதவில் நீலச் சாயம் பூசியிருந்தது. ஆள் வைத்துச் செய்ததல்ல, பிரஷ் தடம் திட்டுத் திட்டாகத் தெரிந்தது.

"நான் ஒத்துக்கிட்டேன்னு நெனைக்காத," என்றான் டெஸ்மண்ட், இறங்காமலே. "படிச்சுப் பார்த்தேன். கரேன் மாதிரி ஆளுங்க விஷயம் நெசம்தான். மத்ததெல்லாம் இன்னும் நம்பல. நாட்டை நிமிர்த்தினவன்தான் அவன்."

"அப்புறம் ஏன்டா அழிச்ச?"

"கோலா தெர்லாவிலேர்ந்து கோஸு ஏத்திட்டு வரேன். வழியெல்லாம் பக்கத்து சீட்டைப் பார்த்தா ஒரு மாதிரியா இருக்கு. ஓட்ட முடியலலா."

கரேன் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடிவந்து ஏறினாள். அப்பாவைப் பார்க்கவேயில்லை.

"ஞாயித்துக்கிழமை சாப்பிட வா. பேசணும்," என்றார் கிரகரி.

"வரேன். ஆனா நானும் பேசுவேன்."

லோரி வளைவில் மறைந்தது. "உள்ள வாங்க, குளுருது," என்றாள் மேவிஸ். கிரகரி உள்ளே போனார், உட்காராமல் மறுபடி வாசலுக்கே வந்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.